தித்தன் பார்க்காத சண்டை

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் என் தமக்கையின் வீடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை அங்கே போய் நாலு நாள் இருந்து, கொள்ளிடத்துக் காற்றை வாங்கிக்கொண்டு திரும்புவது என் வழக்கம். இந்தத் தடவை நானாகப் போகவில்லை. வரவழைக்கப்பட்டேன்.

"நீ உடனே புறப்பட்டு வா. நம்ம பேரன் கெட்டுப் போயிண்டிருக்கான். பொழுது விடிஞ்சா பொழுது போனா டெலிவிஷன்ல யாரையாவது கொன்னுண்டே இருக்கான். நீ எழுத்தாளனாச்சே, நாலு வார்த்தை நல்லதாச் சொல்லு" என்று தமக்கை டெலிபோனில் அழாத குறையாகச் சொன்னாள்.

போனபிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. பையனுக்குப் பத்தொன்பது வயது. எஞ்சினீயரிங் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, வீடியோ விளையாட்டுகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நிற்கிறான். அவன் தகப்பனார், அதாவது என் மருமான், வங்கி உத்தியோகஸ்தர். பிள்ளை அப்படிச் சொன்ன நாளிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் ஆகிவிட்டது. பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து விளையாடுவான். தகப்பனார் ஆபீஸிலிருந்து வந்ததும் கூடத்தைத் தாண்டி, டெலிவிஷன் பக்கம் திரும்பாமல் அறைக்குள் போய்விடுவார். நடுவில் என் தமக்கை காப்பி டம்ளரும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வது கஷ்டமான காரியமல்ல. ஆனால் புஸ்தகத்தைப் படிக்காமல் விமர்சனம் எழுதுகிறவர்களை நான் முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டு வருகிறேன். பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே பையனுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் பார்த்தேன். அப்படிப் பார்த்ததைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டின் பெயர் மார்ட்டல் காம்பாட். 1992ல் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து மிட்வே கம்பெனி வெளியிட்டது. எட் பூன், ஜான் டோபியாஸ் என்ற இருவர் முன்னின்று உருவாக்கினார்கள். காசு போட்டு விளையாடுகிற கடைப் பெட்டியில் ஆரம்பித்து, பாகம் பாகமாக வளர்ந்து, 2023 வரை புதிய பாகங்கள் வந்திருக்கின்றன. நம் தொடர்கதைகள் எதற்கும் இவ்வளவு ஆயுள் வாய்த்ததில்லை என்பதைப் பொறாமையோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கதை எளிமையானது. ஒரு மந்திரவாதியின் தீவில் மல்யுத்தப் போட்டி நடக்கிறது. அந்நிய உலகத்தார் பத்துத் தடவை தொடர்ந்து ஜெயித்துவிட்டால் பூலோகம் அவர்கள் வசமாகிவிடும். ஒன்பது தடவை ஜெயித்தாயிற்று. பத்தாவது போட்டிக்கு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அவ்வளவுதான். ராஜகுமாரனும் ஏழு கடலும் வருகிற நம் பாட்டி கதையைவிட இது மட்டமுமல்ல, உசத்தியுமல்ல.

பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். முதல் பாகத்தில் நிஜ நடிகர்களைக் காமிராவில் பிடித்துப் படங்களை உள்ளே புகுத்தியிருக்கிறார்கள். மஞ்சள் உடை அணிந்த ஸ்கார்பியன் செத்துப் பிழைத்து வந்த ஆவி. நீல உடை அணிந்த சப்-ஜீரோ உறைபனியை வீசிக் கொல்கிற கூலிக் கொலைகாரன். இரண்டு பேரும் ஒரே நடிகர், உடையும் ஒன்று, நிறம் மட்டும் வேறு. இதே ஆளுக்குப் பச்சை நிறம் பூசினால் ரெப்டைல் என்று மூன்றாவது பாத்திரம். பையன் இதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான். நான் சிரித்துவிட்டேன். வாரா வாரம் தொடர்கதை எழுதுகிற எங்கள் கூட்டத்துக்கு இது புதிதா என்ன? கதாநாயகியின் புடவை நிறத்தை மாற்றிவிட்டு அவளையே அடுத்த கதைக்கும் அனுப்பியவர்கள்தானே நாங்கள்! வித்தியாசம் என்னவென்றால், மஞ்சளும் நீலமும் வெறும் நிறமாக நின்றுவிடாமல் ஒருவனுக்கு நெருப்பும் மற்றவனுக்குப் பனியும் குணமாக ஏறிவிட்டன. இது சாமர்த்தியம்.

நாலு கையுள்ள கோரோ என்று ஒரு ராட்சதனும் உண்டு. களிமண் பொம்மை மாதிரி ஒரு உருவம் செய்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம் பிடித்திருக்கிறார்கள். அதிகப்படியான கைகளை அவன் எதிரியைப் பிடித்துக்கொள்ளவும் குத்தவும் மட்டுமே உபயோகிக்கிறான். சங்கும் சக்கரமும் ஏந்திய இரண்டு கைகள் போக, அஞ்சேல் என்று காட்ட ஒரு கை மிச்சம் வைத்திருக்கிற ஊரில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது. வெளிநாட்டார் கண்ணுக்கு நாலு கை என்றால் பயங்கரம். 1991ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகத்தில் தால்சிம் என்ற நம் நாட்டு யோகி வருகிறார். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, ரப்பர் போல் நீளும் கைகால். அவருடைய களத்தில் யானைகள் வரிசையாக நின்று பிளிறுகின்றன. பதஞ்சலி பார்த்திருந்தால் சூத்திரங்களை இன்னும் சுருக்கியிருப்பார்!

களங்களைப் பற்றிச் சொல்லும்போது என் குரலில் பாராட்டு தொனிக்கத்தான் செய்யும். ஒரு களத்தில் மரங்களுக்கு முகம் இருக்கிறது. சண்டை நடக்கையில் அவை வாயைத் திறந்து உறுமுகின்றன. மற்றொன்று பாதாளத்தின் மேலே ஒரு குறுகலான பாலம். கீழே வரிசையாக ஈட்டி முனைகள். ஒன்றும் நடக்காதபோதே அந்தப் பாலத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. இடத்தைச் சொல்லியே நடக்கப் போவதைச் சொல்லிவிடுவது நல்ல நாவலாசிரியனின் லட்சணம். அது இவர்களுக்குக் கைவந்திருக்கிறது.

அரங்கம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அதில் மூன்று அர்த்தம். ஆற்றின் நடுவே எழுந்த மேட்டு நிலம் அரங்கம். கூத்தாடுகிற மேடை அரங்கம். போர் செய்கிற களமும் அரங்கம். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் படுத்திருக்கிறவரை அரங்கன் என்கிறோம். தீவும் மேடையும் களமும் ஒரே சொல்லில் அடங்கிய ஊரில் உட்கார்ந்து, ஒரு தீவில் நடக்கிற போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி இந்த விளையாட்டுக்குப் பேரும் அபகீர்த்தியும் சேர்த்துக் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அது ஃபேட்டாலிட்டி, அதாவது முடிவு அடி.

மூன்று சுற்றில் இரண்டு சுற்று ஜெயித்தவன் வென்றான். தோற்றவன் உடனே விழுந்துவிடுவதில்லை. நினைவு தப்பி, கை தொங்கி, நின்ற இடத்திலேயே தள்ளாடுகிறான். அப்போது ஒரு குரல், அவனை முடித்துவிடு என்று கட்டளையிடுகிறது. வென்றவனுக்குச் சில வினாடிகள் அவகாசம். அதற்குள் சரியான தூரத்தில் நின்று, ரகசியமான வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் முடிவு அடி விழும். 1992ம் வருஷத்து விளையாட்டில் சப்-ஜீரோ எதிரியின் தலையை முதுகெலும்போடு பிடுங்குகிறான். கேனோ என்பவன் மார்பைப் பிளந்து இதயத்தை எடுக்கிறான். ஸ்கார்பியன் முகமூடியைக் கழற்றுகிறான், உள்ளே மண்டையோடு, அதன் வாயிலிருந்து வருகிற நெருப்பில் எதிரி சாம்பலாகிறான். பாலத்தில் நடக்கிற சண்டையானால், மோவாயில் ஒரு குத்து. ஆள் ஈட்டி முனைகளின் மேல் போய் விழுவான். மடத்தில் பயின்ற லியூ காங் ஒருவன் மட்டும் அந்த முதல் பாகத்தில் ஒரு கரணம் அடித்து, ஒரு குத்து விட்டு, ஆளைக் கீழே தள்ளுவதோடு நிறுத்திக்கொள்கிறான்.

அமெரிக்காவில் இது பெரிய ரகளையாகிவிட்டது. 1993 டிசம்பரில் அந்நாட்டு செனட் சபை உறுப்பினர்கள் கூடி விசாரணை நடத்தினார்கள். 1994ல் எந்த வயசுக்கு எந்த விளையாட்டு என்று முத்திரை குத்துகிற ஏற்பாடு வந்தது. நிண்டெண்டோ கம்பெனி தன் வீட்டுப் பெட்டிக்கான பதிப்பில் ரத்தத்தை வியர்வையாக மாற்றியது. சேகா கம்பெனி ரத்தத்தை ஒளித்து வைத்து, ஒரு ரகசியக் குறியீட்டைப் போட்டால் தெரியும்படி விட்டது. எது அதிகம் விற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பாகத்தில் நிண்டெண்டோவும் ரத்தத்துக்கு இடம் கொடுத்துவிட்டது.

முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்குக் குமட்டியது. மறைக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் குமட்டல் போய் அலுப்பு வந்தது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. கொடூரம் ஏன் இவ்வளவு சீக்கிரம் அலுக்க வேண்டும்?

பையனையே கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொன்னான். "தாத்தா, சண்டை அதுக்கு முன்னாலேயே முடிஞ்சு போச்சு. இதுக்கு மார்க் கிடையாது. கை வேகத்தைக் காட்டறதுக்குத்தான் இது. ஒரு நொடியை அறுபது கூறாப் போட்டு, அதுல சரியான கூறுல பொத்தானை அழுத்தணும். கச்சேரி முடிஞ்சப்புறம் தில்லானா பாடற மாதிரி வெச்சுக்கோங்கோ."

நல்ல பதில்தான். எனக்கு விஷயம் விளங்கியது. வெற்றி தோல்வி தீர்ந்த பிறகு வருகிற அடி அது. அதனால் யாருக்கும் எதுவும் மாறுவதில்லை. அடித்தவனுக்குச் செலவில்லை, அடிபட்டவனுக்கு ஒரு பேச்சில்லை, பார்க்கிறவர்கள் கூட்டம் களத்தின் ஓரத்தில் இருந்தாலும் யாருக்கும் யாரும் சொந்தமில்லை. ஒழுக்கக் குறைவு என்று சொல்ல மாட்டேன். கதைக் குறைவு என்று சொல்வேன்.

மறுநாள் காலை பையனை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கீழைப் பக்கத்து வெள்ளைக் கோபுரத்துக்கு அருகே சேஷராயர் மண்டபம் இருக்கிறது. விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முகப்புத் தூண்களைப் பார்க்காதவர்கள் திருச்சி ஜில்லாவில் குறைவு. முன்கால்களைத் தூக்கிப் பாய்கிற குதிரைகள், மேலே வீரர்கள், கீழே வாய் பிளந்து எழும்புகிற புலிகள், குளம்புக்கு அடியில் கத்தியும் கேடயமுமாகக் காலாட்கள். ஈட்டி இறங்குகிறது. வேட்டையா போரா என்று கேட்டால் இரண்டும்தான்.

நான் முப்பது தடவை பார்த்த தூண்கள். ஆனால் பையன் பார்த்த விதமே வேறு. ஒரு தூணைச் சுற்றி வந்தான். குந்தி உட்கார்ந்து கீழிருந்து பார்த்தான். பையிலிருந்து நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தான். "தாத்தா, இந்தக் குதிரையோட பாரமெல்லாம் பின்னங்கால்ல இருக்கு, ஆனா கண்ணு அங்கே போகவே போகாது. ஈட்டி முனைக்குத்தான் போகும். எப்படிப் பண்ணியிருக்கான் பாருங்கோ" என்றான். நான் பார்த்தேன். உண்மைதான். முப்பது தடவை பார்த்தும் எனக்கு அது தெரிந்ததில்லை.

எனக்குத் தோன்றிய ஒன்றை அவனிடம் சொன்னேன். சிற்பி சண்டையை முடிக்கவில்லை. புலி இன்னும் சாகவில்லை. கீழே இருக்கிற காலாளும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிகிற கணத்துக்கு ஒரு கணம் முன்னால் நிறுத்திவிட்டான். நானூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு கணம் அப்படியே இருக்கிறது. மீதியைப் பார்க்கிறவன்தான் முடித்துக்கொள்ள வேண்டும். அவரவர் மனசுக்குத் தகுந்தபடி.

நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைக் கோபுரம். அதற்கு அந்தப் பெயர் வந்த கதையை ஸ்ரீரங்கத்தில் குழந்தை கூடச் சொல்லும். பதினாலாம் நூற்றாண்டில் தில்லிப் படை கோயிலைச் சூறையாடிய காலம். கோயில் தாசி வெள்ளையம்மாள் படைத்தலைவனை நயமாகப் பேசிக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப் போனாள், அங்கிருந்து தள்ளிவிட்டாள், பிறகு தானும் குதித்தாள் என்பது கதை. சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். கதையாக மட்டும் பாருங்கள். இதுவும் உயரத்திலிருந்து ஆளைத் தள்ளுகிற முடிவு அடிதான். விளையாட்டில் வருகிற பாலமும் ஈட்டிக் குழியும் போலத்தான். ஆனால் அவள் தள்ளியதோடு கதை முடிந்திருந்தால் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். தானும் குதித்தாளே, அதனால்தான் கோபுரம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது. முடிவு அடிக்கு ஒரு விலை உண்டு; அடித்தவள் அதைக் கொடுத்தாள்.

"அப்படியானால் நம்முடைய பழைய சண்டைகளில் கொடூரமே இல்லையா?" என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை என்று சொன்னால் பொய். ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரியைத் தாண்டினால் உறையூர். சங்க காலத்துச் சோழர் தலைநகரம். இன்று திருச்சிக்குள் ஒரு பேட்டை. அந்த ஊர் அரச குலத்துப் பிள்ளை ஒருவனைப் பற்றிப் புறநானூற்றில் ஆறு பாட்டுகள் சேர்ந்தாற்போல் இருக்கின்றன, எண்பதிலிருந்து எண்பத்தைந்து வரை. உ. வே. சாமிநாதையர் 1894ல் புறநானூற்றை அச்சில் கொண்டுவராமல் இருந்தால் இவனும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டான். பெயர் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. போர் அவை! அரங்கத்தையே பட்டப் பெயராகத் தாங்கியவன்.

உறையூர் அரசனான தித்தனின் மகன் அவன் என்பது மரபு. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கிள்ளி அயலூரில் கூழைக் குடித்துக்கொண்டு காலம் தள்ளினான் என்று பாட்டிலிருந்து தெரிகிறது. அங்கே ஆமூரில் பேர்போன மல்லன் ஒருவனோடு பொருதுகிறான். சாத்தந்தையார் மூன்று பாட்டுப் பாடியிருக்கிறார். ஒன்றில் சண்டையின் வேகத்தைச் சொல்ல வேண்டும். என்ன உவமை தேடுகிறார் தெரியுமா? கட்டில் பின்னுகிற ஏழைத் தொழிலாளி ஒருவன். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது; வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை; மழை பிடித்துக்கொண்டது; பொழுதும் சாய்கிறது. இவ்வளவும் ஒரே சமயத்தில். அந்த நேரத்தில் அவன் கையில் ஊசி எவ்வளவு விரைவாகப் போகும்! அந்த வேகம் கிள்ளியின் போருக்கு. நொடியை அறுபது கூறாக்கினால் வேகத்தை அளக்கலாம். ஆனால் கை ஏன் விரைகிறது என்பது ஊசிக்காரன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

எண்பதாம் பாட்டுத்தான் நம் விஷயம். அது முழுக்க முழுக்க ஒரு முடிவு அடியின் வர்ணனை. ஒரு காலை மல்லனின் மார்பிலே ஊன்றிவிட்டான். மற்றக் காலால் அவன் செய்யும் உபாயங்களைத் தடுத்துப் பின்புறம் வளைத்துக்கொண்டான். கடைசியில், பசித்த யானை மூங்கிலை முறிப்பது போலத் தலையும் காலுமாக இரு முனையும் முறியும்படி மோதிக் கொல்கிறான். சப்-ஜீரோ செய்வதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. தோற்ற மல்லனுக்குப் பாட்டில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

ஆனால் புலவர் சொல்லியிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிடி. கடைசியில் முறி. இரண்டுக்கும் நடுவே சண்டையை விட்டுவிட்டு, அங்கே இல்லாத ஒருவனை நினைத்துக்கொள்கிறார். தித்தன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இதை வந்து பார்க்கட்டுமே என்கிறார். எதிரி பிடிபட்டுத் துவண்டுவிட்டான், முடிவு அடி இன்னும் விழவில்லை. அந்த ஒரு சில வினாடி அவகாசத்தில் மார்ட்டல் காம்பாட்டில் ஒரு குரல், முடித்துவிடு என்று கத்துகிறது. சாத்தந்தையாரின் குரல் அதே இடைவெளியில், உறையூர்ப் பக்கம் திரும்பி, "ஏ தகப்பனே, உன் பிள்ளையைப் பார்" என்று சொல்லாமல் சொல்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறமும் அந்தப் பாட்டு அலுக்காமல் இருப்பதற்குக் காரணம் யானையும் மூங்கிலும் அல்ல. பார்க்காமல் இருக்கிற அந்தத் தகப்பன்தான்.

பார்க்கிறவள் ஒருத்தியும் உண்டு. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடிய மூன்று பாட்டுகள் அடுத்தாற்போல் வருகின்றன. கிள்ளிக்கு இது சொந்த ஊருமல்ல, சொந்த நாடுமல்ல. ஆகவே கூட்டத்தில் ஒரு சாரார் வென்றான் என்கிறார்கள், ஒரு சாரார் இல்லை என்கிறார்கள். இவள் சிலம்பு ஒலிக்க ஓடிப் போய், வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைக் கண்ணால் பார்த்துவிடுகிறாள். அடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்த்தேன் என்பது மட்டும்தான் அவள் செய்தி. பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை; பார்க்கக் கூடாதவள் ஒளிந்து நின்று பார்த்தாள். ஆறு பாட்டுக்குள் ஒரு நாவல் இருக்கிறது.

இதையெல்லாம் அன்று மத்தியானம் பையனிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். உன் விளையாட்டில் பாத்திரம் உண்டு, களம் உண்டு, அடி உண்டு. அடிக்கு விலை இல்லை, பார்க்கிற கண் இல்லை என்று தீர்ப்பையும் படித்தேன். கொஞ்சம் கர்வத்தோடுதான். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "தாத்தா, நீங்க ஸ்கார்பியன் கதையைப் பூராவும் கேக்கலையே" என்றான்.

கேட்டேன். ஸ்கார்பியனைக் கொன்றவன் சப்-ஜீரோ. பழி வாங்குவதற்காக நரகத்திலிருந்து திரும்பி வந்து, முதல் போட்டியில் சப்-ஜீரோவைக் கொன்றுவிடுகிறான் ஸ்கார்பியன். ஆனால் 1993ல் வந்த இரண்டாம் பாகத்தில் மறுபடியும் ஒரு சப்-ஜீரோ வந்து நிற்கிறான். இவனையும் கொல்ல வேண்டும் என்று ஸ்கார்பியன் பின்தொடர்கிறான். பின்தொடர்ந்து பார்க்கும்போது, இந்த சப்-ஜீரோ தோற்றுப்போன எதிரி ஒருவனைக் கொல்லாமல் விட்டுவிடுவதைக் காண்கிறான். இவன் அவனல்ல, அவன் தம்பி என்று தெரிகிறது. அன்றிலிருந்து, அண்ணனைக் கொன்றதற்குப் பிராயச்சித்தமாகத் தம்பிக்குக் காவலாக நிற்கிறானாம்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. முடித்துவிடு என்று கத்துகிற குரலுக்கே பேர்போன விளையாட்டு. அதன் உள்ளே ஒரு மூலையில், முடிக்காமல் விட்ட ஒருவனும், அதைப் பார்த்துவிட்ட இன்னொருவனும் இருக்கிறார்கள். பார்த்ததால் பகையே மாறிவிடுகிறது. விலையும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. நான் இல்லை என்று சொன்ன இரண்டும்! விளையாடுகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்களோ, நான் அறியேன். என் பேரன் கவனித்திருக்கிறான். அதே பாகத்தில் முடிவு அடிக்குப் பதிலாக எதிரிக்கு ஒரு பரிசைக் கொடுத்துச் சிநேகம் பண்ணிக்கொள்கிற வேடிக்கையும் வைத்திருக்கிறார்கள். விசாரணை பண்ணியவர்களைக் கேலி செய்வதற்காக என்று சொல்கிறார்கள். கேலியாக இருந்தாலும் ஒரு கதவு கதவுதான்.

ஆகவே என் தீர்ப்பைத் திருத்திக்கொள்கிறேன். மார்ட்டல் காம்பாட் மட்டமான படைப்பா? அதன் முடிவு அடிகளில் பெரும்பாலானவை மட்டம். ஒரே மாதிரியான அதிர்ச்சியைப் பெரிது பெரிதாக்கி அலுக்க வைப்பவை. அதன் களங்கள் நன்றாக இருக்கின்றன. பாத்திரங்களில் இரண்டு பேருக்கு உயிர் இருக்கிறது. இது நம் வாரப் பத்திரிகைகளில் வந்த எத்தனையோ தொடர்கதைகளுக்குக் கொடுக்கக்கூடிய மதிப்பெண்ணைவிடக் கூடுதல். இதைவிட நல்லதாக ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டால், சேஷராயர் மண்டபத்தில் குந்தி உட்கார்ந்து ஈட்டி முனையைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் அந்தத் தொழிலுக்குப் போனால் முடியும் என்பது என் அபிப்பிராயம். போரவையும் ஆமூரும் பனைமரமும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன.

அன்று சாயங்காலம் மருமான் ஆபீஸிலிருந்து வந்தார். வழக்கம் போல் கூடத்தைத் தாண்டி அறைக்குள் போனார். நான் பின்னாலேயே போய், உபதேசம் எதுவும் செய்யாமல், எண்பதாம் பாட்டை அர்த்தத்தோடு சொன்னேன். எழுத்தாளனுக்கு வேறு என்ன தெரியும்? அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "மாமா, அந்தத் தித்தன் கடைசியில பார்த்தானா?" என்றார்.

"பாட்டில் அது இல்லை" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாடு முடிந்து, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டதே என்று நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கூடத்து விளிம்பில், டெலிவிஷனுக்கு நேராக அல்ல, தூணில் சாய்ந்து கொஞ்சம் ஒதுங்கி, மருமான் நின்றுகொண்டிருந்தார். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

நான் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டேன்.